மணவிழாவும் ஒளிப்பதிவாளரும்

கலியாணச் செலவுக் கணக்கை எழுத உட்காரும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பந்தல், பந்தி, மேளம், புடைவை, நகை என்று வரிவரியாக எழுதி முடித்த பிறகுதான் ஒளிப்பதிவுச் செலவு எவருக்கேனும் நினைவுக்கு வரும். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும். "நம் சித்தப்பா மகன் புதுக் கைபேசி வாங்கியிருக்கிறான், அவனே எடுத்துவிடுவான்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்களும் ஆமோதிப்பார்கள். அந்த வரி அடிக்கப்பட்டுவிடும். இவ்வாறு அடித்துவிடுவது தக்கதா என்பதையே இச்சிற்றுரையில் ஆராயப் புகுகின்றோம்.

பிறந்த ஊரிலேயே வாழ்பவர்களுக்கு இது அவ்வளவு பெரிய கேள்வியன்று. அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வந்து கண்ணாரக் கண்டு, வாயார வாழ்த்திச் செல்வர். பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. பெண் வீட்டார் ஒரு மாநிலத்தில், பிள்ளை வீட்டார் மற்றொரு மாநிலத்தில், பாட்டனார் ஊர் மூன்றாவது இடத்தில். விடுப்புக் கிடையாமல், பயணச் செலவு கட்டாமல், முதுமையால், பாதிச் சுற்றம் வாராமலே நின்றுவிடும். அவர்களுக்கு அந்தக் கலியாணம் நடந்தது என்பதே ஒளிப்பதிவின் வாயிலாகத்தான்.

எடுத்துக்காட்டாக வண்டிப்பெரியாரை நோக்குவோம். இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டத்தில், கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் மலைச்சாலையில், பெரியாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து வருபவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. 1972இல் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு எங்கு விழுந்தாலும் உறவுகள் அறுந்துவிடவில்லை. குமுளி அரைமணிப் பேருந்துத் தொலைவு. மலை இறங்கினால் கூடலூர், கம்பம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றளவும் அந்த மலைப்பாதை வழியாகவே நடைபெறுகின்றன.

தோட்டத்துக் கலியாணத்தில் வேறெங்கும் எளிதில் காணாத ஒன்று உண்டு. பந்தக்கால் நடுவதும், நலுங்கு வைப்பதும், தாய்மாமன் சீர் வந்து இறங்குவதும் லயத்து முற்றத்தில்தான். அந்த லயமோ குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளியின் மீது சுமத்திற்று. வேலை உள்ளவரை வீடு என்பதே அதன் பொருள். ஓய்வு பெற்றுக் கணக்கு முடிந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டுப் பகுதியில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது, வேலையும் போய், வீடும் பழுதாகி, பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போன குடும்பங்கள் பல. தாய் தந்தையர் ஐம்பது ஆண்டு வாழ்ந்த வாசற்படி எப்படியிருந்தது என்று பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களிடம் பட்டா இல்லை, வீடு இல்லை. ஏதேனும் ஒரு கலியாணப் படத்தில் அந்த முற்றம் பதிந்திருந்தால் உண்டு.

பதிவு ஒன்று இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அம்மலை நாடே காட்டியிருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாற்றங்கரைக் குடும்பங்கள் உடுத்திய துணியோடு வெளியேற நேர்ந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, அதே மாவட்டத்தில் மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது; எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். இத்தகைய இடத்தில் தகரப்பெட்டிக்குள் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் படம் வீட்டோடு போய்விடும். எஞ்சியவருக்கு முகம் பார்க்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. இதனை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் நாம் பிரதிகளைப் பற்றிச் சொல்லப்போவது வெறும் தொழில்நுட்ப விவரமாகத் தோன்றாது.

அதே 2020ஆம் ஆண்டில், பெருந்தொற்று ஊரடங்கின்போது, இரு மாநிலத்து மணமக்களுக்கு எல்லைச் சோதனைச் சாவடியருகிலேயே திருமணம் நடந்த நிகழ்ச்சிகள் குமுளிப் பக்கத்திலும் சின்னாற்றிலும் உண்டு. உறவினர் கூட இயலவில்லை. உடன் நின்றவர் ஒரு சிலரே. மற்ற அனைவரும் கைபேசித் திரையில்தான் கண்டனர். அன்று கைபேசிப் படம் பெரும் உதவி புரிந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆபத்துக்கு உதவும் கருவி வேறு, ஆயுள் முழுவதும் வைத்துப் போற்றத்தக்க பதிவு வேறு.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொற்களைக் கண்டால் சற்று நின்று பார்க்கும் பழக்கம் விடாது. ஒளிப்பதிவாளர், காணொளிக் கலைஞர், நிகழ்படக்காரர் என்று ஏட்டில் பல பெயர்கள் வழங்குகின்றன. தோட்டத்தில் கேட்டால் 'வீடியோக்காரர்' என்பார்கள். நாமும் இரண்டையும் தயக்கமின்றி ஆள்வோம்.

வீடியோக்காரருக்கு நாம் கொடுக்கும் பணம் எதற்கு? அவர் கையிலுள்ள கேமராவுக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு விடையன்று. இன்றைய நல்ல கைபேசியும் தெளிவான படம் எடுக்கவே செய்கிறது. பணம் கொடுப்பது முன்யோசனைக்கு. தாலி கட்டுவது சில நொடிச் செயல். அதைத் திரும்பவும் கட்டச் சொல்ல முடியாது. (சொல்லும் படப்பிடிப்பாளர்களும் இருக்கிறார்கள், அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவது நலம்.) அந்தச் சில நொடியில் மணமகன் எந்தப் பக்கம் சாய்வார், நாத்தனார் எங்கே நின்று முடிச்சுப் போடுவார், அட்சதை எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து, ஒரு கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, மற்றொன்றைக் கையில் ஏந்தி நிற்பவரே தொழில் தெரிந்தவர். ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும். நல்ல கேமராக்களில் இரண்டு நினைவட்டைகளைச் செருகி, ஒரே காட்சியை இரண்டிலும் ஒருங்கே எழுதச் செய்யவும் இயலும். ஓர் அட்டை பழுதானாலும் மணநாள் பழுதாகாது.

ஒளியைப் பற்றியும் கூற வேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று. அதனால் பழைய வகைக் குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகின்றன. கேமராவின் திறப்பு நேரம் அதனோடு ஒவ்வாவிட்டால் படத்தில் கருநிறப் பட்டைகள் ஓடும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூற்றில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டைகள் மறையும். இதைத் தெரிந்தவர் கூடத்தினுள் நுழைந்ததுமே விளக்குகளை அண்ணாந்து பார்ப்பார். மலைநாட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் வெளியே குளிரும் மூடுபனியும். உள்ளே சமையல் ஆவியும் கூட்டத்தின் மூச்சும். குளிர்ந்த கேமராவை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் லென்ஸின் மேல் ஆவி படிந்து, முகங்கள் எல்லாம் பாலில் நனைந்தவை போலத் தோன்றும். அனுபவமுள்ளவர் அரைமணி முன்னதாகவே பையோடு உள்ளே வைத்து, கருவியை அறையின் வெப்பத்துக்குப் பழக்கிக்கொள்வார்.

ஆயினும் நம் கருத்தில் ஒளியைவிட ஒலியே பெரிது. கெட்டிமேளம் எழும்பும் கணத்தில் தவிலின் முழக்கம் கைபேசியின் சிறு ஒலிவாங்கிக்குத் தாங்காது. அது ஒலியளவைத் தானாகவே ஏற்றி இறக்கும். மந்திரமும் வாழ்த்தும் கரகரத்து ஒரே இரைச்சலாகிவிடும். தொழில்முறைப் பதிவாளர் மணமகனின் சட்டையிலோ அங்கவஸ்திரத்திலோ சிறு ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தி, மேளத்துக்கென வேறொரு கருவியைத் தனியே குறைந்த அளவில் வைத்துப் பதிவார். பிறகு இரண்டையும் இணைப்பார். படம் மங்கினாலும் பார்க்கலாம். குரல் போய்விட்டால் போனதுதான். நலுங்கின்போது கிழவிகள் பாடும் பாட்டு, பெண்கள் இடும் குலவை, மலையாளச் சொற்கள் கலந்து எஸ்டேட்டுத் தமிழில் மாமன்மார் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் பேச்சு ஆகியன எந்தப் புத்தகத்திலும் அச்சாவதில்லை.

எம் குடும்பத்தில் நேர்ந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் எம் இளைய சகோதரனின் திருமணத்தில், மேலே கூறியவாறே, ஒளிப்பதிவுச் செலவை அடித்துவிட்டோம். அடிக்கச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். உறவுப் பையன் கைபேசியோடு நின்றான். அவன் மீது குற்றமில்லை. முகூர்த்தம் வந்ததும் அவனுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு கைகள் கைபேசிகளோடு உயர்ந்தன. படத்தில் தெரிவது ஒரு நீலச் சட்டையின் முழங்கை. அதற்குப் பின்னால் எங்கோ தாலி கட்டப்படுகிறது. எம் பாட்டியார் குலவையிட்டதும் அதில் கேட்கிறது. அதன் பாதியில் அழைப்பு ஒன்று வந்து பதிவு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு பாட்டியார் காலமானார். அவருடைய குரலென்று எங்களிடம் இருப்பது அந்த எட்டு நொடி. கணக்கேட்டில் அன்று நாங்கள் மிச்சப்படுத்திய தொகை என்னவென்று இப்போது எவருக்கும் நினைவில்லை.

இனி, தமிழகத்துக்கு வெளியே வாழ்வோர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்று. உள்ளூர் ஒளிப்பதிவாளர் நம் சடங்குகளை அறியாதவராக இருக்கலாம். கேரளத்து மணங்களில் சடங்குகள் பொதுவாகச் சுருக்கம். தாலிகட்டு முடிந்ததும் முக்கியமானவை முடிந்தன என்று எண்ணி அவர் பேட்டரியை மாற்றப் போனால், அப்போதுதான் நம்மவர் அம்மி மிதிக்கப் புறப்படுவர். மெட்டி அணிவிப்பது, அருந்ததி காட்டுவது, மாமன் மாலை போடுவது ஆகியவற்றின் வரிசை குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. இது மும்பையிலும் தில்லியிலும் அப்படியே. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னமே சொல்லியிருக்க வேண்டியது நாம்.

பதிவைக் காப்பது எப்படி என்பதற்கு வருவோம். வி.எச்.எஸ். நாடா 1976இல் ஜப்பானில் அறிமுகமாயிற்று. 1980களில் நம் ஊர்க் கலியாணங்களிலும் தோளில் பெருங்கேமராவும், உடன் ஒருவர் தூக்கிவரும் கண்ணைக் கூசும் விளக்கும் தோன்றின. அந்நாடாக்கள் இன்று மலைவீடுகளின் ஈரத்தில் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பின்னர் வந்த குறுந்தகட்டின் கதியும் ஏறத்தாழ அதுவே. இப்போது வாங்கும் கணினிகளில் பலவற்றில் தகடு செருக இடமே இல்லை. ஆகவே பழைய நாடா வைத்திருப்போர் அதை மின்கோப்பாக மாற்றித் தரும் நிலையங்களை இப்போதே நாடுவது நல்லது. தள்ளிப்போடத் தள்ளிப்போட நாடாவும் கெடும், ஓட்டத் தெரிந்தவரும் குறைவர்.

புதிய பதிவுகளுக்கு அளவே சுமை. நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் எடுக்கப்படும் 4கே படம் ஒரு மணிக்கு 45 ஜிகாபைட் இடம் கொள்ளும். இரண்டு கேமராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிகாபைட். இதை ஒரு சிறு பென் டிரைவில் அடக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தருவது சுருக்கித் தொகுத்த படம் மட்டுமே. மூலக் கோப்புகளையும் கேட்டுப் பெற வேண்டும். வன்தட்டை நாமே வாங்கிக் கொடுத்தாலும் சரி. ஆவணக் காப்பாளர் பின்பற்றும் முறை எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். வண்டிப்பெரியார்க் குடும்பத்துக்கு அந்த வேறு ஊர் கம்பத்திலுள்ள தாய்மாமன் வீடாக இருக்கலாம். வெள்ளம் வந்தாலும் மண் சரிந்தாலும் இரண்டு இடத்திலும் ஒருசேர வருவது அரிது.

மூலக் கோப்பு வேண்டும் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2006இல் பணித்தது. அதன்பின் கேரளம் 2008இல் விதிகளையும், தமிழ்நாடு 2009இல் சட்டத்தையும் இயற்றின. இரு மாநிலத்து மணமக்களும் எந்த அலுவலகத்தில் பதிவது என்று விசாரித்து உடனே பதிந்துகொள்வது முதற்கடமை. ஒளிப்பதிவு அதற்கு மாற்றாகாது. ஆனால் 2024இல் அதே நீதிமன்றம் வேறொன்றையும் தெளிவாக்கிற்று. இந்து திருமணச் சட்டப்படி உரிய சடங்கு நடைபெறாவிடில், பதிவுச் சான்றிதழ் மட்டும் மணத்தை உண்டாக்காது என்பதே அது. எனவே சடங்கு நடந்தது என்பதற்குச் சான்று வேண்டிய வேளை வரலாம். ஓய்வூதியத்திலோ, பாகத்திலோ, கைவிடப்பட்ட பெண்ணின் வழக்கிலோ வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்பதிவைச் சான்றாக ஏற்க உரிய சான்றிதழைக் கேட்கிறது. கோப்பின் கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணும் அதில் இடம்பெறும். பாட்டுச் சேர்த்து, வெட்டி ஒட்டிய படத்தைவிட, தேதியும் நேரமும் மாறாத மூலக் கோப்பே அங்கு உதவும்.

உரிமை யாருக்கு என்ற ஐயமும் பலருக்கு எழுவதுண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. 'வேறு உடன்பாடு இல்லாவிடில்' என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். நிலையத்தார் நீட்டும் தாளில் சிறு எழுத்தில் அவ்வுரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்திருந்தால், நம் வீட்டுப் பெண்ணின் முகம் அவர்களது விளம்பரத்தில் வரும்போது நாம் வருந்திப் பயனில்லை. படிக்காமல் கையெழுத்திடலாகாது. மலையாளத்தில் இருந்தால் படித்துச் சொல்லச் செய்து பிறகு இடலாம்.

செலவைக் குறைக்க வழியில்லையா? உண்டு. தோட்டக் கூலியில் வாழும் குடும்பத்தைப் பார்த்து, கடன் பட்டேனும் எல்லாவற்றையும் செய் என்று சொல்ல நாம் துணியோம். மணத்துக்கு முன்னரே மணமக்களை அருவிக்கும் ஏரிக்கும் அழைத்துச் சென்று எடுக்கும் படத்தை விட்டுவிடலாம். முழங்கால் உயர எடையுள்ள ஆல்பத்தை விடலாம். திரைப்பட முன்னோட்டம் போலத் தயாரிக்கும் மூன்று நிமிடத் துண்டும் இல்லாவிட்டால் குறையில்லை. பறக்கும் கேமராவையும் விடலாம்; இப்பகுதியில் அதனால் தொல்லையே மிகுதி. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிடப் பதிவும் உரிமச் சான்றும் தேவை. அருகிலிருப்பதோ பெரியாறு புலிகள் காப்பகம். வனத்துறையின் இசைவின்றி அதன் மேல் பறக்கவிட்டால் கலியாண வீட்டுக்குக் காவலர் வந்து நிற்கும்படி ஆகலாம். இவற்றையெல்லாம் கழித்த பின் எஞ்சும் பணத்தை இரண்டு ஆட்கள், இரண்டு கேமராக்கள், நல்ல ஒலி, மூலக் கோப்புகள் ஆகிய நான்கிலும் போடுவதே எம் யோசனை. மேடைக்கு முன் மறைத்து நிற்காமல், வந்தவர்கள் மணமக்களைப் பார்க்க இடம்விட்டு ஓரமாக நின்று எடுப்பவரா என்றும் விசாரித்தறிய வேண்டும். முன்னர் அவர் எடுத்த கலியாணம் ஒன்றை, தொகுத்த துண்டாக அன்றி, தாலிகட்டு நேரத்தை முழுமையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மொய் நோட்டு யார் எவ்வளவு எழுதினார் என்று சொல்லும். யார் எப்படி வந்தார் என்று படம்தான் சொல்லும். ஆகவே பந்தியையும் வாசலையும் சிறிது நேரமாவது எடுக்கச் சொல்ல வேண்டும். முதல்நாள் மாலையிலேயே வந்து லயத்தைப் பார்க்கும்படி ஒளிப்பதிவாளரை அழைப்பது நன்று. பந்தக்கால் எங்கே, மின்பிளக்கு எங்கே, சன்னலின் வெளிச்சம் காலையில் எந்தப் பக்கம் என்று அவரே கண்டுகொள்வார். அப்போது ஒரு தாளைக் கையில் கொடுக்க வேண்டும். சடங்குகளை வரிசையாகத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்த மொழியிலும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ என்ன நேரம் என்றும் குறித்திருக்க வேண்டும். அடியில், தவறாமல் படத்தில் வரவேண்டிய முதியவர்களின் பெயர்களை உறவுமுறையோடு எழுதலாம். அவர்களை நேரில் காட்டித் தர வீட்டுப் பிள்ளை ஒருவனை அன்று காலை முதல் அவரோடேயே நிறுத்திவிடலாம். கைபேசி வாங்கிய சித்தப்பா மகனுக்கு அந்த வேலை பொருந்தும்.